கண்ணை மூடினால் கையில் ஒன்றுமில்லை

நாற்காலியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். மாலையானால் அந்த ஜன்னல் வழியாக வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். காபியில் சர்க்கரை போடவில்லை. வேண்டுமானால் டப்பா பக்கத்திலேயே இருக்கிறது.

நீங்கள் சீட்டுக்கட்டைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். எல்கோ நகரில் ரயிலடிப் பக்கம் இருக்கும் அந்தக் கேசினோவில் சீட்டுக்கட்டை மாற்றியது நான்தான். இருமி விழுந்த கிழவர் என் கணவர் பென்யாட். அவரை எனக்குத் தெரியாது என்று அன்று நான் சொன்னது பொய். அதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு இரண்டு வாரம் ஆகியிருக்கிறது. நான் குறை சொல்லவில்லை. கேசினோவுக்குள் நாங்கள் கணவன் மனைவியாக ஒருநாளும் நுழைந்ததில்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஸ்பெயின் பக்கத்து பாஸ்க் மலைக்காரர்கள். அவர் அமெரிக்காவுக்கு, இந்த நெவாடாவுக்கு ஆடு மேய்க்க வந்தவர். நான் ஆட்டிடையர்கள் தங்கும் விடுதியில் சமையலுக்கு வந்தவள். மாதக்கணக்கில் மலையில் ஆடுகளோடு தனியாக இருந்துவிட்டு இறங்கும் ஆண்களுக்குப் பேச்சு மறந்துபோயிருக்கும். குளிர்காலத்தில் விடுதிக்கு வந்து, குடித்து, சண்டை போட்டு, மெல்ல மெல்ல அதைத் திரும்பப் பெறுவார்கள். பென்யாட்டுக்கு மட்டும் அது திரும்பவே இல்லை. கல்யாணத்துக்குப் பிறகும் அப்படித்தான். சூப் ஆறிவிட்டது என்பார். கதவைச் சாத்து என்பார். அதையும் சுவரைப் பார்த்துத்தான் சொல்வார்.

முஸ் ஆட உட்கார்ந்தால் அவர் வேறு ஆள்.

எங்கள் ஊர்ச் சீட்டாட்டம் அது. நான்கு பேர், எதிரெதிரே இரண்டு ஜோடி. கையில் என்ன இருக்கிறது என்று ஜோடிக்கு முகத்தாலேயே சொல்லலாம். அதற்கு ஆட்டத்திலேயே அனுமதி உண்டு. கீழுதட்டைக் கடித்தால் இரண்டு ராஜா. நாக்கு நுனியைக் காட்டினால் இரண்டு ஏஸ். இரண்டு கண்ணையும் மூடினால் கையில் ஒன்றுமில்லை. எதிராளி பார்க்காத சமயமாகக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. சைகையைக் காட்டாமல் இருக்கலாம், பொய்யாகக் காட்டக் கூடாது. பொய்ச் சைகை காட்டியவனோடு அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் யாரும் உட்கார மாட்டார்கள்.

அந்த விடுதிச் சாப்பாட்டு அறையில், ஆட்டுக்கறியும் பூண்டும் மணக்கும் மேசையில்தான் ஓர் ஆண் என் முகத்தை முதன்முதலாக முழுசாகப் பார்த்தார். என் புருவம், உதடு, கன்னம் எல்லாவற்றையும் படித்தார். ஒரு பெண்ணை இப்படிப் பார்க்க முடியும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. ஆட்டம் முடிந்ததும் அவர் பார்வை சுவருக்குப் போய்விட்டது. நான் அவரையே கட்டிக்கொண்டேன்.

ஆட்டு மந்தைகள் குறைந்து, அவருக்கு நெஞ்சுவலியும் வந்த பிறகு கேசினோவுக்குப் போக ஆரம்பித்தோம். நான்தான் ஆரம்பித்தேன். இருபத்தொன்று ஆடும் மேசை. அந்தந்தக் கேசினோவின் பழைய கட்டுகளை அங்கே கூட்டிப் பெருக்குகிற ஒருவர் எனக்குத் தருவார். அவர் யார் என்று கேட்காதீர்கள். அதை எனக்கு வேண்டியபடி அடுக்கி, சால்வைக்குள் வயிற்றோடு ஒட்டி வைத்திருப்பேன். வெளியிலிருந்து வரும் கட்டு சில்லென்றிருக்கும், சீட்டுப் போடுகிறவரின் விரல் உடனே கண்டுகொள்ளும். உடம்புச் சூட்டில் இருந்தால் தெரியாது. கலைத்து, வெட்டி, கட்டை மேசையில் வைக்கும் நொடியில் மேசையின் மறுமுனையில் பென்யாட் இருமுவார். தொப்பி விழும், கிளாஸ் கவிழும். எல்லோரும் திரும்புவார்கள். மேசையில் இருக்கும் கட்டு என் மடிக்கும், மடியில் இருப்பது மேசைக்கும் போகும்.

இருமுவதற்கு முன்னால் அவர் என்னைப் பார்க்க வேண்டும். நான் தயார் என்றால் கீழுதட்டைக் கடிப்பேன். அந்த ஒரு பார்வைக்காக நான் வாரம் முழுவதும் துணி துவைத்தேன், சமைத்தேன், பேசாத மனிதரோடு பேசினேன். இதைச் சிரிக்காமல் எழுதிக்கொண்டதற்கு நன்றி.

போன இலையுதிர் காலத்தில் என் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. முதலில் ஊசி நழுவியது. பிறகு கரண்டி. அவர் இருமினால் எனக்கு மூன்று மூச்சு விடும் நேரம் கிடைக்கும். முன்பெல்லாம் இரண்டே போதும். இப்போது எட்டு வேண்டியிருந்தது. அவருக்குத் தெரியாமல் சமையலறையில் பழகிப் பார்த்தேன். எட்டுக்குக் கீழே இறக்க முடியவில்லை.

அவர் கவனித்துவிட்டார். ஒருநாள் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“கையில என்ன உனக்கு? எல்லாத்தையும் கீழ போடுறே.”

“சோப்பு வழுக்குச்சு.”

“கரண்டியில ஏது சோப்பு?” தட்டைத் தள்ளி வைத்தார். “போதும் கிராஷி. தங்கச்சி பாய்ஸிக்கு வந்துடச் சொல்றா. போயிடலாம்.”

“போயி?”

“சும்மா இருப்போம்.”

அவருக்கு அது நிம்மதியான வார்த்தை. எனக்கு எப்படி இருந்தது என்று உங்களிடம் சொல்லத் தெரியவில்லை. பாய்ஸியில் அவர் தங்கை வீட்டில் ஒரு சுவர் இருக்கும். சாகும்வரை அவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார், நான் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சில நாள் பாத்திரம் கழுவப் போவேன். தண்ணீரைத் திறந்துவிட்டுவிட்டு அப்படியே நிற்பேன்.

கடைசியாக ஒரு தடவை என்று கெஞ்சினேன். சரி என்றார். நல்லபடி நடந்துவிட்டால் கடைசி என்ற பேச்சை அவர் மறந்துவிடுவார் என்று நினைத்தேன்.

அன்று மதியம் ஆட்டுக்கறி வைத்தேன். இரண்டாம் தடவையும் பரிமாறினேன். அதற்கு முன்பே, காலையில் அவருடைய உள்கோட்டைத் துலக்கிக் கொடுக்கும்போது, பையிலிருந்த மாத்திரைப் புட்டியை எடுத்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். வலி வந்தால் நாக்கின் அடியில் வைக்கிற மாத்திரை. எல்கோவில் வழக்கமாக இறக்கிவிடும் முனையில் காரை நிறுத்தாமல் இன்னும் தள்ளி, பாலத்துக்கு அப்பால் இறக்கிவிட்டேன். எதிர்க்காற்று. சாப்பிட்டதும் நடந்தால் நல்லது என்றேன். அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தார்.

கேசினோவில் கூட்டம் இல்லை. டெல்மா சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளை உங்களுக்குத் தெரியும், முதலில் உங்களிடம் வந்தவளே அவள்தானே. வாயாடி, ஆனால் நல்ல மாதிரி. பென்யாட் உட்காரும்போதே முகம் வெளுத்திருந்தது. அவள் அவரை விடவில்லை.

“என்ன பெரியவரே, காத்தோட மல்லுக்கட்டிட்டு வர்றீங்களா? ஜெயிச்சது யாரு?”

அவர் சிரிக்க முயன்றார். நான் மறுமுனையில் உட்கார்ந்திருந்தேன். டெல்மா கலைத்தாள், பக்கத்திலிருந்தவர் வெட்டினார், கட்டு மேசையில் உட்கார்ந்தது. பென்யாட் என்னைப் பார்த்தார். நான் கீழுதட்டைக் கடித்தேன். அவர் இருமத் தொடங்கினார். முதல் இருமல் நடிப்பு. இரண்டாவது அப்படி இல்லை.

அவர் கை உள்கோட்டுப் பைக்குப் போனது. பிறகு அடுத்த பைக்கு. தொப்பி அதுவாகவே விழுந்தது. டெல்மா கட்டை விட்டுவிட்டு மேசைமேல் சாய்ந்து அவர் கையைப் பிடித்தாள். மேற்பார்வையாளர் ஓடிவந்தார். பைகளில் ஒன்றும் இல்லை என்றானதும் பென்யாட் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பார்த்து, இரண்டு கண்ணையும் மெதுவாக மூடித் திறந்தார்.

நான் சைகையைப் படித்தேன். எங்கள் ஆட்டத்தில் அது பொய்யாக இருக்க முடியாது.

பிறகு கட்டை மாற்றினேன். அவசரப்படவே வேண்டியிருக்கவில்லை. எட்டு மூச்சும், அதற்கு மேலும் இருந்தது.

அவரைச் சோபாவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். டெல்மா கண் கலங்கி நின்றாள்.

“அம்மா, அவரு உங்களுக்குத் தெரிஞ்சவரா? உங்களையே பாத்துட்டிருந்தாரே.”

“இல்லம்மா. யாரோ பாவம்.”

பந்தயம் வைத்திருந்தவர்கள் முணுமுணுத்ததால் அந்த ஓர் ஆட்டத்தை மட்டும் ஆடி முடிக்கச் சொன்னார் மேற்பார்வையாளர். டெல்மா கட்டை எடுத்தாள். ஒரு கணம் அவள் கை நின்றது. பயத்தில் அவளுடைய விரல்கள் சில்லிட்டிருந்தன. கட்டு சுடச்சுட இருந்தது. விரல் சில்லிட்டால் கட்டின் சூடு தெரிந்துவிடும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அடுக்கியபடியே சீட்டு விழுந்தது, ஜெயித்தேன். சில்லுகளைக் காசாக்கிக்கொண்டு வெளியே வந்தபோது ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டிருந்தது. அது அவசரமாகப் போகவில்லை.

ஆஸ்பத்திரித் தாளில், மாத்திரையை வீட்டில் மறந்துவிட்டு வந்தார் என்று இருப்பதாகச் சொன்னீர்கள். அதைத் திருத்தச் சொல்லத்தான் இவ்வளவும் பேசினேன். பென்யாட் எதையும் மறக்கிறவர் அல்ல. என்மேல் கவனக்குறைவு என்று எழுதினாலும் அதுவும் சரியாக இருக்காது. அவர் உயிர்மேல் எனக்கு அக்கறை இருந்தது. ஆபத்து இல்லை என்று தெரியாமல் நான் அதில் இறங்கவில்லை. பழகிப் பார்க்காத எதையும் நான் மேசைக்குக் கொண்டுபோனதில்லை.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பனி வாரிவிட்டு வந்தவருக்குச் சமையலறையில் வலி வந்தது. அன்றும் புட்டி என்னிடம்தான் இருந்தது. அவர் பைகளைத் தடவிக்கொண்டிருந்தார், நான் அடுப்படிப் பலகைமேல் சீட்டுக்கட்டை மாற்றி மாற்றி மூச்சை எண்ணினேன். பிறகு, விறகுப் பெட்டிக்குப் பின்னால் கிடந்தது என்று சொல்லி எடுத்துக் கொடுத்தேன். அரை மணியில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நல்லவேளை, நீ பக்கத்துல இருந்தே,” என்றார்.

எனக்கு வேண்டியிருந்தது எட்டு மூச்சுதான். எட்டாவதில் கட்டு மாறிவிட்டது, புட்டியை அப்போதே கொடுத்திருக்கலாம். ஆனால் அவர் சுவரைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் இன்னும் கொஞ்சம் எண்ணினேன்.