அம்புக்காரிக்கு விழுந்த எண்

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. கல்லூரியில் வாய்மொழித் தேர்வு என்றாலே முந்தின நாள் காய்ச்சல் வந்துவிடும். அதனால்தான் உங்கள் விசாரணைக்கு நேரில் வராமல் எழுதித் தருகிறேன். நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் இதில் இருக்கிறது. வருத்தம் தெரிவிக்கும் வரி மட்டும் இருக்காது. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நான் படித்தது புள்ளியியல். கேம் செய்யும் கம்பெனியில் எண்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு வாள்வீச்சு எத்தனை தடவைக்கு ஒரு தடவை பட வேண்டும், ஒரு பூட்டு எத்தனை தடவைக்கு ஒரு தடவை திறக்க வேண்டும் என்பதெல்லாம் என் மேசையில்தான் முடிவாகும். படம் வரைகிறவர்களுக்கு என் பெயர் தெரியாது. ‘பகடைப் பொண்ணு’ என்பார்கள். எனக்கு அதில் குறையொன்றும் இல்லை.

போன வருடம், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு ஒன்றைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரும் வேலை வந்தது. நான்கு பேர் ஆளுக்கொரு பாத்திரமாக இருப்பார்கள். அந்தப் பாத்திரத்தின் பலம், பலவீனம் எல்லாம் ஒரு தாளில் எழுதியிருக்கும். ஐந்தாமவர் கதையை நடத்துவார். பாத்திரம் என்ன செய்கிறது என்று ஆடுகிறவர் சொல்ல, அது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பாத்திரம் செத்தால் செத்ததுதான். தாளைக் கிழித்துவிடுவார்கள்.

நாங்கள் வாங்கிய விளையாட்டு பதின்மூன்று வருடமாக ஒரே மேசையில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நடந்துவந்தது. நடத்தியவர் வரி அலுவலகத்தில் எழுத்தர். ஏறு, இறங்கு என்று சொல்வதும் விசிலடிப்பதும் அவர்தான் என்பதால் அங்கே அவருக்குக் கண்டக்டர் என்று பெயர். எட்டு மாதம் அந்த மேசைக்கு நேர் மேலே கேமரா வைத்துப் பதிவு செய்தோம்.

முதல் வாரமே எங்கள் குழுத்தலைவி அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். கதையில் ஒரு பாலம் வரும். காவலன் மறித்து நிற்பான். நாங்கள் சண்டை போடு, ஓடு, லஞ்சம் கொடு என்று மூன்று பட்டன் வைத்திருந்தோம். மேசையில் ஒருவர், “நான் அவன்கிட்ட, மாமியார் சௌக்கியமான்னு கேக்கிறேன்” என்றார். கண்டக்டர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. “யோவ், அந்தப் பேச்சை எடுக்காதய்யா. மூணு மாசமா எங்க வீட்லதான் டேரா” என்றார் காவலனின் குரலில். அடுத்த இருபது நிமிடம் மாமியாரை எப்படி ஊருக்கு அனுப்புவது என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கடைசியில் பாலத்தைச் சும்மாவே கடந்துபோனார்கள்.

“இதுக்கு எத்தன பட்டன்டி வைக்கிறது?” என்றார் அக்கா. “மாமியாரத் தூக்கிடு.”

தூக்கினேன். இப்படி நிறையத் தூக்கினோம். அதற்கெல்லாம் யாரும் விசாரணை வைக்கவில்லை.

என் சிக்கல் வேறு. கண்டக்டர் ஓர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் பகடையை உருட்டி, விழுந்த எண்ணைச் சத்தமாகச் சொல்வார். பின்னால் கிடக்கும் பகடை ஆடுகிறவர்களுக்குத் தெரியாது. மேலேயிருந்த கேமராவுக்குத் தெரியும். மொத்தம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு உருட்டல்கள். விழுந்த எண்ணையும் அவர் சொன்ன எண்ணையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தேன். முப்பத்தொரு இடங்களில் இரண்டும் வேறு. முப்பத்தொன்றும் ஒரே பாத்திரத்துக்கு. அவள் பெயர் அம்புக்காரி. உண்மையான எண்களைச் சொல்லியிருந்தால் அந்த எட்டு மாதத்தில் மட்டும் அவள் ஐந்து தடவை செத்திருக்க வேண்டும்.

அம்புக்காரியை ஆடியவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எல்லோரும் கண்ணாடி மாமா என்பார்கள். அவளை உருவாக்கியது அவர் இல்லை, அவருடைய மகள். இரண்டு வருடம் அவள்தான் அந்த மேசையில் ஆடினாள். பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். மூன்றாவது வாரம் கண்ணாடி மாமா வந்து, அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவளுடைய தாளை முன்னால் எடுத்துவைத்துக்கொண்டாராம். “எனக்கு இந்த ஆட்டம் தெரியாது. எம்பொண்ணு என்ன பண்ணுவான்னு மட்டும் தெரியும்” என்றாராம். அதற்குப் பிறகு பதினொரு வருடம்.

நான் கண்டக்டரிடம் பட்டியலைக் காட்டினேன். அவர் அதை மடித்து என்னிடமே கொடுத்தார்.

“பகடை உருட்டுறது சத்தத்துக்கும்மா. கேக்கிறவனுக்கு வயித்துல கொஞ்சம் கலக்கம் வேணும்ல? அப்புறம் நான் சொல்றதுதான் நம்பர்.”

“மத்தவங்களுக்கெல்லாம் விழுந்ததத்தான் சொல்றீங்க, சார்.”

“மத்தவங்க செத்தா வேற தாள் எழுதிக்குவாங்க.” பகடைகளை எடுத்துப் பையில் போட்டார். “இது கண்ணாடி காதுக்குப் போகக்கூடாது பாப்பா. தெரிஞ்சா அந்த மனுஷன் அப்புறம் வரமாட்டார்.”

சொல்ல மாட்டேன் என்றேன். இன்றுவரை சொல்லவில்லை. கொடுத்த வார்த்தையை நான் மீறினேன் என்று அவர் உங்களுக்குக் கொடுத்த புகாரில் எழுதியிருந்தால் அது பொய்.

அந்த இரக்கத்தைக் கம்ப்யூட்டரில் கொண்டுவர நான் இரண்டு மாதம் முயன்றேன். இதை யாரும் குறிப்பிடுவதில்லை. எல்லோருக்கும் இரக்கம் காட்டும்படி எழுதினால், யாரும் சாகப்போவதில்லை என்பது அரைமணி நேரத்தில் தெரிந்துவிடுகிறது. சோதனைக்கு வந்தவர்கள் மோவாயில் கை வைத்துக்கொண்டு ஆடினார்கள். யாருக்குத் தேவையோ அவருக்கு மட்டும் என்றால், யாருக்குத் தேவை என்பது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? ஆடுகிறவர் வீட்டில் யார் செத்தார்கள் என்று தொடக்கத்தில் கேட்கவா முடியும்? ஆக நீக்கினேன். ஒரு வரிதான். நீக்கியபோது ஆட்டம் உயிர்பெற்றது. அக்காவே முதுகில் தட்டிக்கொடுத்தார். முப்பத்தொரு பொய் சொன்னவர் நல்லவர், ஒன்றும் சொல்லாதவள் குற்றவாளி என்றால் அது உங்கள் கணக்கு.

இனி குரல். பாத்திரங்கள் கம்ப்யூட்டரில் பேச வேண்டும். அந்த மேசையில் ஆரம்பத்திலிருந்தே, கதை எங்கே நின்றது என்பது மறக்காமலிருக்க, ஆட்டத்தை ஒலிப்பதிவு செய்யும் பழக்கம் இருந்தது. பழைய பதிவுகளையெல்லாம் கண்டக்டர் பெட்டியோடு எங்களிடம் கொடுத்திருந்தார். மகள் பேசிய இரண்டு வருடமும் அதில் இருந்தது. அம்புக்காரிக்கு அவளுடைய குரலையே வைப்பதென்று நான் முடிவுசெய்தேன். அசல் குரல் இருக்கும்போது நடிக்க ஆள் தேடுவானேன்?

பெரும்பாலான இடங்களில் பிறர் சிரிப்பும் தேநீர்க் கோப்பைச் சத்தமும் கலந்திருந்தன. ஓர் இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. ஆட்டத்தின் நடுவே அவளுக்குப் போன் வருகிறது. மற்றவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். “அப்பா, இதோ வந்துட்டேன். கதவப் பூட்டிடாதீங்க” என்கிறாள். நான்கு விநாடி. இரைச்சலே இல்லை. அதை அம்புக்காரி சாகும்போது சொல்லும் வார்த்தையாக வைத்தேன். தேர்வுக்கான காரணம் ஒலியின் தரம். அளவீடுகளை இணைத்திருக்கிறேன்.

சோதனைக்கு அந்த மேசையில் ஆடும் நான்கு பேரையும் வரவழைத்தோம். கண்ணாடி மாமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். “இவ மூஞ்சியெல்லாம் தெரியுமாம்மா இதுல?” என்று கேட்டார். தெரியும் என்றேன். ஹெட்போனை நானே மாட்டிவிட்டேன்.

பாலத்தில் அவர் காவலனோடு சண்டை போடவில்லை. ஓடு என்ற பட்டனை அழுத்தினார். திரையில் பகடை உருண்டது. இரண்டு விழுந்தது. அம்புக்காரி கைப்பிடியில்லாத ஓரத்திலிருந்து சரிந்து, கீழே போகும்போது அந்த நான்கு விநாடியைப் பேசினாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, “இன்னொரு தடவ போடும்மா” என்றார்.

செத்தவர்கள் திரும்பக்கூடாது என்பது ஆட்டத்தின் விதி. ஆனால் பாலத்துக்கு முந்தின நிமிடத்துக்குத் திரும்பிப்போக, சோதனை செய்பவர்களுக்கென்று ஒரு சாவிச்சொல் உண்டு. அதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் கேட்டார், கொடுத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். முதல் இரண்டு நாள் பாலத்தைக் கடக்கப் பார்த்தார். பெரும்பாலும் கடந்தும் விட்டார். கடந்துவிட்டால் எழுந்து என்னிடம் வந்து, சாவிச்சொல்லை எங்கே அடிக்க வேண்டும் என்று கேட்பார். மூன்றாம் நாள் வில்லைத் தொடுவதை விட்டுவிட்டார். நேராகப் பாலத்தின் ஓரத்துக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போவார். ஒன்பது நாளில் இருநூற்றுப் பதினான்கு தடவை. எங்கள் ஆட்டத்தில் வேறெந்தக் காட்சியையும் யாரும் இத்தனை தடவை ஆடவில்லை. வாராந்திர அறிக்கையில் அப்படித்தான் எழுதினேன். அதைப் படித்துவிட்டு எல்லோரும் பாராட்டினார்கள்; அந்த அஞ்சலும் இணைப்பில் இருக்கிறது.

பத்தாம் நாள் கண்டக்டர் வந்தார். சோதனை அறைக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்து நின்றார்.

“அவரு கடையத் திறந்து எத்தன நாளாச்சு தெரியுமா உனக்கு?”

“ஒன்பது, சார்.”

“தெரிஞ்சே உக்காத்தி வச்சிருக்கியா?”

“அவராத்தான் வர்றார்.”

“ஏம்மா, நான் பதினொரு வருஷமா அந்தப் புள்ளைய சாக விடாம வச்சிருந்தேன். நீ ஒரு நாளைக்கு இருபது தடவ அவர் கையாலயே கொல்ல வைக்கிறியே. நீயெல்லாம் சோத்தத்தான் திங்கிறியா?”

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. ஆனாலும் பதில் சொன்னேன். “உங்க மேசையில அவ உயிரோட இருக்கா, ஆனா பேச மாட்டா. இங்க பேசுறா. எது வேணும்னு அவரே எடுத்துக்கிட்டார்” என்றேன். இவ்வளவு நீளமாக நான் அந்த அலுவலகத்தில் பேசியது அதுதான் முதல் தடவை. இப்போதும் அதையே சொல்கிறேன்.

சாவிச்சொல்லை நீங்கள் முடக்கிய பிறகு அவர் கடையையும் திறக்கவில்லை, மேசைக்கும் போகவில்லை, வீட்டு வாசற்கதவை இராப்பகலாகப் பூட்டவிடுவதில்லை என்று உங்கள் கோப்பில் இருக்கிறது. முடக்கியது நீங்கள்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். பாலத்தில் மூன்றுக்கு மேல் எது விழுந்தாலும் அவள் பிழைத்திருப்பாள். இருபதில் பதினேழு வாய்ப்பு. முதல் நாள் இரண்டு விழுந்தது தற்செயலா என்று கேட்டிருக்கிறீர்கள். தற்செயல் இல்லை. அன்று காலை ஒன்பதரைக்கு அந்த ஓர் உருட்டலுக்கு மட்டும் இரண்டு என்று நான் எழுதிவைத்தேன். அவர் பிழைத்துக்கொண்டே போனால் குரல் வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஒரு பரிசோதனைக்கு வேண்டிய நிலைமையை உண்டாக்குவது முறைகேடு ஆகாது. யார் கேட்டாலும் சொல்வேன். திரும்ப அந்த இடத்தில் உட்காரவைத்தாலும் அதே எண்ணைத்தான் எழுதுவேன்.

கண்டக்டர் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை ஏதாவது உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. பதிவு தொடங்கிய மாதம் அவர் என்னையும் ஒருநாள் ஆட உட்காரச் சொன்னார். அப்படி என்னை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து என் தாளை எழுதினேன். முதல் மணி நேரத்திலேயே என் பாத்திரம் கிணற்றில் விழுந்தது. பிழைக்க ஒன்பது வேண்டியிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், தாளைக் கிழித்தார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தப் பதிவை மட்டும் பல தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். பகடையில் விழுந்தது நான்கு. அவர் சொன்னதும் நான்குதான்.