மூன்றாவது தட்டு

சத்தியம் செய்துவிட்டே ஆரம்பிக்கிறேன், ஐயா. இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. சந்தேகம் என்றால் என் புழுக்களைக் கேட்டுப் பாருங்கள். அவற்றுக்குத் தானாகப் பொய் சொல்லத் தெரியாது. அதற்கு ஒரு ஆள் வேண்டும்.

தேன்கூட்டு மெழுகைத் தின்று வளரும் அந்துப்பூச்சிப் புழுக்கள் அவை. வெண்ணெய் நிறம், கைக்குழந்தையின் சுண்டுவிரல் பருமன். ஆராய்ச்சிக்கூடத்தில் அவற்றை வளர்ப்பது என் வேலை. தவிட்டில் தேன் பிசைந்து போட்டால் சமர்த்தாக இருக்கும். பட்டினி போட்டால் பிளாஸ்டிக்கையே தின்னும். ஒருமுறை என் மழைக்கோட்டைத் தின்றுவிட்டுப் பொத்தான்களை மட்டும் வரிசையாக அடுக்கி வைத்திருந்தன. பொத்தான்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

எங்கள் டாக்டரம்மா புழுவுக்கு ஊசியால் நோய் ஏற்றுவார். எலி என்றால் ஆயிரம் அனுமதி வாங்க வேண்டும்; புழுவுக்காக யாரும் சண்டைக்கு வருவதில்லை. மனித உடம்புச் சூட்டிலும் அது தாங்கும், கிருமியோடு ஏறக்குறைய நம்மைப் போலவே மல்லுக்கட்டும். தோற்றால் கறுத்துச் செத்துவிடும். மூன்று தட்டுகள் வைப்பார். முதல் தட்டுக்குக் கிருமி மட்டும். இரண்டாவதற்குக் கிருமி, பிறகு புது மருந்து. மூன்றாவதை அப்புறம் சொல்கிறேன். காலையில் அவர் வருவதற்குள் தீக்குச்சியால் தொட்டு, எது நெளிகிறது என்று பார்த்துவைப்பேன்.

அதே கிருமிதான் என் தம்பியின் நெஞ்சிலும் இருந்தது. இருக்கிற மருந்து எதற்கும் மசியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்வரை வருஷக்கணக்காக இருவருக்கும் ஒரே அறை. அவன் இருமுவான், நான் முதுகைத் தடவுவேன், துப்பிய கிண்ணத்தைக் கழுவுவேன். ஒரு காலத்தில் எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் அந்த இருமலைக் கேட்டுக் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

"என்னண்ணே, உன் பிள்ளைங்க சாப்பிட்டாங்களா?" என்பான், ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கியபடி.

"உன்னவிட நல்லாவே தின்னுதுங்க."

"அதுங்களுக்குப் போடுற மருந்த எனக்கும் கேட்டு வாங்கேன். என்னையும் ஒரு புழுன்னு நெனச்சுக்கட்டும். நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"டாக்டரம்மா ஒத்துக்கணுமேடா."

"நீ இருக்கும்போது எனக்கென்னண்ணே."

டாக்டரம்மாவிடம் கேட்டேன். "புழு பொழைச்சுக் காட்டினா, கைவிட்ட நோயாளிகளுக்குக் குடுக்க அனுமதி கேக்கலாம். பொழைக்கலேன்னா நான் என்ன பண்ணட்டும், பெரியவரே?" என்றார்.

மறுநாள் காலை தட்டுகளில் எல்லாம் கறுப்பு. பக்கத்து அலமாரியில் வெண்ணெய் நிறத்தில் எத்தனையோ நெளிந்துகொண்டிருந்தன. முதல் தட்டை அப்படியே விட்டுவிட்டு, மற்றவற்றில் கறுத்ததை எடுத்தேன், வெளுத்ததை வைத்தேன். டாக்டரம்மா வந்து பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். சந்தோஷம்தான். நம்ப முடியாமல் திரும்பத் திரும்பச் சோதித்தார். புழுக்கள் திரும்பத் திரும்பப் பிழைத்தன.

தம்பிக்கு மருந்து ஏறியது. அக்கம்பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் ஏறியது. நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், அவர்களோடு எனக்குப் பழக்கம் இல்லை.

"இருமல் கொறஞ்சிருக்குல்லண்ணே?" என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

குறைந்துதான் இருந்தது. இருமுவதற்கும் மூச்சு வேண்டுமே. சாயங்காலத்துக்குள் அதுவும் நின்றது. பிடித்த கையை நான்தான் பிரித்தேன். மற்றக் கட்டில்களும் அந்த வாரத்திலேயே காலியாகிவிட்டன.

இப்போது அறை அமைதியாக இருக்கிறது. படுத்ததும் தூக்கம் வந்துவிடுகிறது.

கண்ணெதிரே தம்பி சாகும்போது அண்ணன்காரன் வேறென்ன செய்ய முடியும்? நோய்க்குக் கேட்காத மருந்துதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு வாய்ப்பு. அவனைக் கொன்றது கிருமி, ஐயா. நான் கையாலாகாமல் பக்கத்தில் நின்றவன்.

மூன்றாவது தட்டைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதற்குக் கிருமியே ஏற்றுவதில்லை. நோயில்லாத புழுக்கள், மருந்து மட்டும்; மருந்தே உயிரை எடுக்குமா என்று பார்ப்பதற்கு. ராத்திரியே, எல்லாவற்றுக்கும் முன்னால் கறுத்தது அந்தத் தட்டுதான். நான் முதலில் மாற்றியதும் அதைத்தான்.