திமிங்கலத்துக்கு விட்ட ஃப்ரிட்ஜ்

"எங்காத்து ஃப்ரிட்ஜ்ல திமிங்கலத்தோட மலம் இருக்குடி."

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த மாமி பக்கத்து மாமியிடம் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அவர் மடியில் இருந்த பையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன சொல்றே?"

"பொண்ணு கன்னியாகுமரிப் பக்கம் கடல்ல ஆராய்ச்சி பண்றாளோன்னோ. திமிங்கலம் போனது செங்கல் கலர்ல தண்ணியில மிதக்குமாம். போட்ல பின்னாடியே போய் வலையால அள்ளிட்டா. சென்னை லேபுக்குக் கொண்டு போற வழியில ஐஸ் கரைஞ்சுடுத்துன்னு கார்த்தால ஆத்துக்கு வந்து நிக்கறா. அதான் புது ஐஸ் வாங்கிண்டு போறேன்."

"அதை வச்சுண்டு என்ன பண்ணுவா?"

"என்ன சாப்பிட்டுது, சினையா இருக்கா, எல்லாம் தெரியுமாம். அத்தனை பெரிய ஜீவனைத் தொட வேண்டாம், குத்த வேண்டாம். ஆனா வாரக்கணக்கா சுத்தினாலும் கண்ணுல படறதே அபூர்வமாம். பட்டாலும் அந்த நேரம் பார்த்து அது போகணுமே. இவளுக்கோ போட்ல ஏறினாலே வாந்தி. அப்படியும் விடலை."

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. பக்கத்து மாமி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பெருமாளுக்குக் கண்டருளப் பண்ற பாலும் அதே ஃப்ரிட்ஜ்லதானே இருக்கும்?"

"சேச்சே, அதோட இதை வைப்பேனா? ஆசாரம் என்ன ஆறது?"

"அப்பாடா."

"பாலையெல்லாம் வெளியில எடுத்து வச்சுட்டேன். கெட்டா வேற பால் வாங்கிக்கலாம். இதுக்கு நான் எங்க போவேன்?"