பேட்டரிக்குப் போட்ட பூட்டு

ஹலோ... ஹலோ! வெச்சுடாதீங்க தம்பி, அந்த டொங்கு டொங்கு மியூசிக்கையே கேட்டுக் கேட்டு இப்பதான் ஆள் கிடைச்சிருக்கீங்க... லேப்டாப் கம்பெனிதானே?... ஆமா, எல் ஆல்ட்டோ ஊரு சந்தை ரேடியோ. எயூலோகியா பேசறேன். லேப்டாப் பூட்டிக்கிச்சுன்னு நேத்து கத்தினேனே... ஆமா... ஆமாமா, அதே பொம்பளைதான்.

இல்ல, கெட்டுப்போகல. நீங்க பூட்டினீங்க... நான் சொல்றத முழுசா கேளுங்க. பேட்டரி உப்பிப்போச்சுன்னு உங்ககிட்டதான் மொதல்ல கொண்டுவந்தோம். பசை போட்டு ஒட்டியிருக்கு, எடுக்க முடியாது, புதுசு வாங்குன்னீங்க. என் கொழுந்தன் ஃபெர்மின் பசைக்கு ஸ்பிரிட் விட்டு, நூலால அறுத்து, சந்தையில வாங்கின பேட்டரிய மாட்டிட்டான். ஜோரா ஓடிச்சு. அப்புறம் உங்க அப்டேட் வந்துச்சு. இது எங்க பேட்டரி இல்லன்னு திரையில எழுதிட்டு, கதவச் சாத்திக்கிச்சு!

என்னது?... புதுசுக்குத் தள்ளுபடியா? உங்க தள்ளுபடிய உப்பு போட்டு ஊறவைங்க. பாட்டு, விளம்பரம், எல்லாமே அதுக்குள்ள கிடக்கு. நேத்து முழுக்க ரேடியோ ஊமை. இப்படியே போனா இழுத்து மூட வேண்டியதுதான்... என்ன, ஈரம் பட்டிருக்கா? அன்னைக்குக் கொண்டுவந்தப்ப உள்ள ஒட்டின ஈரம் காட்டற சீட்டு சிவப்பாயிருந்துச்சா?... அது தண்ணி இல்ல தம்பி, பீர்... சிரிக்காதீங்க! கார்னிவல் திருவிழா செவ்வாய்க்கிழமை பூமித்தாய்க்குத் தெளிக்க மாட்டாங்களா? வீட்டுக்குத் தெளிச்சோம், டிரான்ஸ்மிட்டருக்குத் தெளிச்சோம், அப்ப புதுசா வாங்கின லேப்டாப்ப மட்டும் விட்டா அது என்ன பாவம் பண்ணிச்சு? ஃபெர்மினுக்குக் கொஞ்சம் கை தாராளம், ஒத்துக்கறேன். அதுக்கப்புறமும் வருஷக்கணக்கா ஓடியிருக்கே!... நீங்க எந்த ஊரு?... வியாச்சாவா, நம்ம பக்கத்து ஊரு! அப்பா என்ன பண்றாரு?... மினிபஸ்ஸா? அதுக்குத் தெளிச்சதே இல்லையா?... தெளிச்சாரு. பஸ் ஓடுதா?... ஓடுதுல்ல? அப்புறம் என்ன!

சரி, இத மட்டும் சொல்லுங்க. அங்க உக்காந்தபடியே பூட்டத் திறக்க முடியுமா, முடியாதா?... முடியும். புது பேட்டரியில ஏதாவது கோளாறு காட்டுதா?... இல்ல. அப்ப ஏன் திறக்கல?... கொஞ்சம் சத்தமா... இன்னும் சத்தமா... ஓஹோ, திறந்துவிட்டா புதுசு விக்காதுன்னு மேலிடத்துல சொல்லியிருக்காங்களா. நல்லாருக்கு.

எதுக்குச் சத்தமா சொல்லச் சொன்னேனா? பாட்டெல்லாம் பொட்டிக்குள்ள மாட்டிக்கிச்சு, போடறதுக்கு வேற ஒண்ணுமில்ல. அதான் உங்களப் போட்டுக்கிட்டிருக்கேன்... ஆமா, ரேடியோவுலதான். போன் மைக்கு பக்கத்துலயே இருக்கு... அட, பதறாதீங்க! உங்க பேர நான் கேக்கவே இல்லையே. மேனேஜர்கிட்ட குடுங்க.

ஹலோ... வணக்கம் சார்... கேஸா? தாராளமா போடுங்க. கொஞ்சம் மைக்கப் பாத்து சொல்லுங்க, சந்தையே கேக்குது... இல்ல. மொதல்ல திறங்க, அப்புறம் பேசலாம்... ம்... ம்... ஃபெர்மின், என்னாச்சு? திரை எரியுதா?... திறந்துடுச்சு சார்.

நன்றியா? எங்க வீட்டுக் கதவ எங்களுக்கே திறந்துவிட்டதுக்கா நன்றி?... இருங்க, இருங்க. எனக்கு மட்டும்தான் திறப்பீங்கன்னா என்ன அர்த்தம்?... அதெல்லாம் செல்லாது சார். நீங்க பேசினதக் கேட்டு ஜனங்க கிளம்பி வந்துட்டாங்க. எங்க ரேடியோ மாடிப்படி முழுக்க நிக்கிறாங்க, ஆளுக்கொரு பூட்டின பொட்டிய இடுப்புல இடுக்கிக்கிட்டு... ரேடியோவ நிறுத்த மாட்டேன். சத்துர்னினா அக்கா, நீ முன்னாடி வா. பயப்படாத, மைக்குல பேரச் சொல்லு... சார்?... ஹலோ?... வெச்சுட்டாரு.

ஃபெர்மின், திரும்ப அதே நம்பரப் போடு.