பறவை பறந்துட்டுன்னா

குற்றாலத்திலிருந்து தென்காசி போகிற பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மூத்தவளிடம் பதறிக்கொண்டிருந்தாள்.

“பறவை பறந்துட்டுன்னா எங்க வீட்டுக்காரருக்கு வேலை போயிரும், மதினி.”

“பறவைன்னா பறக்கத்தானட்டி செய்யும்?”

“அதுவா பறந்தா சரி. கென்யாவுல அவுக ஜீப் ஓட்டுத எடத்துல ஏரி பூராவும் ரோஸ் கலர்ல பூநாரை மேயுதாம். ஜீப்பைத் தள்ளித்தான் நிப்பாட்டணும். கீழ இறங்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. மிரண்டு எழும்பிட்டுன்னா இரை எடுக்காமக் கெடந்து கஷ்டப்படுமாம். டிரைவரைத்தான் பிடிப்பாவ.”

“அதுக்கு நீ ஏன் நடுங்குத?”

“இன்னைக்கு அந்த ஜீப்புல போயிருக்கது, ஊரு பாக்கப் போன எங்க அண்ணன்லா!”

மதினி வாயில் கையை வைத்தாள். “ஐயோ! அச்சன்புதூர் வயல்ல கிளியைக் கண்டாலே ‘ஓய்’னு கத்துத மனுசன். தூக்கத்துலகூட கத்துவாரு.”

“அதான் சொல்லுதேன். உங்க புருசனுக்குப் போன் போடுங்க.”

மதினி போட்டாள். வெகுநேரம் மணி அடித்தது. எடுத்தவர் கிசுகிசுத்தாரோ என்னவோ, பஸ் இரைச்சலில் மதினிக்கு ஒன்றும் கேட்கவில்லை.

“ஏங்க! அங்கன கத்திராதிய! கேக்குதா? கத்திராதிய!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. போன் கட்டாகிவிட்டது.

இளையவள் ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

“மதினி, அண்ணன் எப்பவும் ஸ்பீக்கர்ல போட்டுத்தான பேசும்?”