பழைய இரும்புக்கு முப்பத்திரண்டு பிட்

மலேசியாவின் கூலிம் நகருக்குப் போகும் தொழிற்சாலை பஸ்ஸில் காலை ஷிப்டுக்காரர்கள் பாதிப் பேர் தூக்கம். எனக்கு முன் இருக்கையில் ஓர் அக்காவும் ஓர் இளைஞனும் மட்டும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“பழைய பேப்பர், பழைய இரும்பு வாங்குற லாரிக்கு நீ பதிஞ்சு குடுத்த குரலுக்கு எதுக்கு தம்பி முப்பத்திரண்டு பிட்?”

“அதான் பெஸ்ட் குவாலிட்டி அக்கா. ‘பழைய பேப்பர், பழைய இரும்பு’ன்னு மலாய்ல ‘சூராட் காபார் லாமா, பெசி புரோக்’னு நீங்க கூவுனதுல மூச்சு விடுறதுகூட கேக்கும்.”

“எங்க கேக்குது? என் வீட்டுக்காரரு லாரியில பென்டிரைவ சொருகுனா ஒண்ணுமே பாட மாட்டேங்குது.”

இளைஞன் தலையைச் சொறிந்தான். “லாரி பிளேயர் பழசு லா. பதினாறு பிட்டுல போட்டாதான் படிக்கும். அந்தக் கூம்பு ஸ்பீக்கருக்கு அதுவே ஜாஸ்தி. இப்பவே போன்ல மாத்தித் தரவா?”

“அவசரப்படாத.” அக்கா குரலைத் தாழ்த்தினார். “அது பாடாததால அவரே ஒவ்வொரு குடியிருப்பா, தாமான் தாமானா கத்திக்கிட்டுப் போறாரு. தொண்டை கட்டிப்போச்சு. வீட்டுக்கு வந்தா, குழம்புல உப்பு இல்லன்னு சொல்லக்கூட குரல் வரல.”

“அப்போ?”

“தீபாவளி முடியட்டும். அவர் கேட்டா, இன்னும் பெஸ்ட்டா பண்ணிக்கிட்டு இருக்கேன்னு சொல்லு. அறுபத்திநாலு பிட் இருக்கா?”