எஸ்தெல் தோட்டத்தின் மேற்குப் பக்கம்

குடிப்பதற்கு முன்பே முகம் சிவந்திருக்கும் எங்கள் மேயர் ஓனொரே அவர்களே! முப்பது அறுவடை கண்ட மூத்தோர்களே! திராட்சை பறித்த கையின் கறை போகாமல் விருந்துக்கு வந்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் இந்தப் பாஸ்தியானின் வணக்கம்.

"சுருக்கமா முடிங்க, கறி ஆறுது!" என்கிறார் ஒருவர். ஆறட்டும் ஐயா. நான் ஆறு வாரமாக அவிந்துகொண்டிருக்கிறேன்.

மேயர் இப்போது என்ன சொன்னார்? "எஸ்தெலின் தோட்டத்தைச் சூரியன் சுட்டுவிட்டது" என்றார். சூரியனா சுட்டது?

ஏப்ரலில் பனி வந்து மொட்டைக் கடித்தது. மிச்சம் பிழைத்தது. ஜூனில் மழை வந்து பூவைக் கொட்டியது. அதற்கும் மிச்சம் பிழைத்தது! நம் பர்கண்டியின் வானம் பாதியைப் பறித்தாலும் பாதியைக் கொடுக்கும். ஜூலையில் எஸ்தெலுக்குப் பெண் பிறந்தாள், ஒண்டின். பிறந்த ஆண்டின் ஒயினைப் பிள்ளையின் பதினெட்டாம் வயதுக்கென்று எடுத்து வைப்பது நம் வழக்கமல்லவா? பக்கத்துத் தோட்டக்காரனான என்னிடம் தோட்டத்தை ஒப்படைத்து, படுக்கையிலிருந்தே சொன்னாள்:

"அண்ணே, காலை வெயில் படுற பக்கம் மட்டும் இலையைக் கிள்ளுங்க. மேற்குப் பக்கம் கையே வைக்காதீங்க, மத்தியான வெயிலுக்கு அந்த இலைதான் குலைக்குக் குடை."

வைத்தேனா, வைக்கவில்லையா? வைத்தேன்! ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், இரண்டு பக்கமும் காற்று போகட்டும் என்று கிள்ளினேன். என் மேதாவித்தனத்தில் கிள்ளினேன்!

ஆகஸ்டில் அனல் வந்தது. ஒரே மதியம், அன்பர்களே! காலையில் கருநீலமாய்க் கனத்துத் தொங்கிய குலைகள், மாலையில் கேக்கில் போடும் உலர் திராட்சை! பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எஸ்தெல் வந்தாள். "மேற்குப் பக்கத்து இலை எங்கண்ணே?" என்றாள்.

"வெயில்ல கருகி உதிர்ந்துருச்சும்மா" என்றேன்.

சிரிக்காதீர்கள். ஒன்பது பீப்பாய் வரவேண்டிய இடத்தில் ஒரே ஒரு பீப்பாய். மீதி எட்டையும் சுட்டது சூரியன் அல்ல, இந்தக் கை!

என்னம்மா எஸ்தெல், எழுந்து நிற்கிறாய்? சொல்லு, திட்டு.

"கருகுன இலை கொடியிலயே தொங்கும்ணே, கீழ விழாது. எனக்குத் தெரியாதா?"

ஐயையோ! அன்றைக்கே தெரியுமா? கேட்டீர்களா, சபையோரே? பின்னே ஏம்மா அப்போதே திட்டவில்லை?

"நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன். பாட்டிலைத் திறக்க இன்னும் பதினெட்டு வருஷம் இருக்கே!"

என் மேட்டுத் தோட்டத்து ஒயின் முழுவதும் ஒண்டினுக்கே தருகிறேனம்மா!

"உங்க புளிச்ச தண்ணி யாருக்கு வேணும்? அவ வருஷம் எப்படி இருந்துச்சோ, அப்படியே அவ குடிக்கட்டும். திறக்கிற அன்னைக்கு நீங்க வந்து, இதே கதையை அவகிட்டயும் சொல்லணும்."

சொல்கிறேன். அந்தப் பாட்டிலில் பனி இருக்கும், மழை இருக்கும், வெயில் இருக்கும். என் கையும் இருக்கும். மறைக்க மாட்டேன். அதுவரை சாகவும் மாட்டேன்!

கறியை ஆறவிட்டுக் கேட்ட அனைவருக்கும் நன்றி. தூங்குகிற ஒண்டினுக்குத் தனி வணக்கம். இனி சாப்பிடுங்கள்.